மகனுக்கு முன்னால் போன வண்டி

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, பிரசவத்தில் போய்ச் சேர்ந்த என் தங்கச்சியின் மகள். ஆறு பேரையும் கல் சுமந்து வளர்த்தேன். ஒருவர் வாசலிலும் போய் நின்றதில்லை.

வேப்பந்தட்டைப் பக்கம் முழங்கால் ஆழம் தோண்டினாலே பாறைதான். அந்தப் பாறையில் கிணறு வெட்டுவது எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரர் துளை போட்டுத் தோட்டா வைத்துத் திரி கொளுத்துவார். சிதறிய கல்லைப் பொம்பளைகள் நாங்கள் கூடையில் மேலே ஏற்றுவோம். சில நேரம் ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றுவிடும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கொளுத்தியவன்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். கூலிக்கு வந்தவனை இறக்கக் கூடாது, மச்சான் முறை உள்ளவனையும் இறக்கக் கூடாது. அப்படி இறங்கித்தான் அவருக்கு வலது கண் போயிற்று. அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்றவள் நான். ஆள் இறங்கிய பிறகு ஒரு சத்தமும் வராமல் இருக்குமே ஒரு நேரம், அதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பையன் திருச்சியில் ஆள் எடுத்தபோது ஓடிக் காட்டி ராணுவத்தில் சேர்ந்தான். சில வருசம் கழித்து அவனை வெடி எடுக்கிற பிரிவில் போட்டார்கள். வடக்கே, பனி பெய்கிற எல்லையில். ரோட்டுக்கு அடியில், பாலத்துக்கு அடியில் எவனோ வைத்துவிட்டுப் போன வெடியை இவன் போய் எடுக்க வேண்டும். அப்பா தொழில்தான் அம்மா, ஆனால் கவர்மெண்டு சம்பளம் என்று சிரித்தான். நானும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயத்தை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிற்கும் இடத்துப் போன் கடைக்கு அவன் பேசுவான். சனிக்கிழமையே எனக்கு இருப்புக்கொள்ளாது. கூட்டின வாசலையே திரும்பக் கூட்டுவேன். உரித்த சோளக் கதிரை எடுத்து மணி இருக்கிறதா என்று பார்ப்பேன். விடிந்ததும் போய்க் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அவன் குரல் கேட்டுவிட்டால் அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கும்.

போன வருசம் லீவில் வந்தபோதுதான் அந்த மிஷினைப் பற்றிச் சொன்னான். சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். ஆள் ஏறாத சின்ன வண்டி. சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் பட்டை, ஒற்றைக் கை, கண்ணுக்குப் பதில் கேமரா. தூரத்தில் ஒருவன் பெட்டியை வைத்துக்கொண்டு டி.வி. மாதிரி பார்த்தபடி ஓட்டுவான். அது வெடிக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீரைப் பீய்ச்சியே அதைக் குலைத்துவிடுமாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

ஆனால் அவனுக்கு அதைப் பிடிக்கவில்லை. நத்தை மாதிரி போகிறது, கல்லில் மாட்டிக்கொள்கிறது, அது போய்ச் சேரும்வரை ரோடு முழுக்க லாரி நிற்கிறது என்று குறை சொன்னான். பாதி நாள் அதை நிறுத்திவிட்டுத் தானே நடந்து போயிருக்கிறான். ஏண்டா என்றேன்.

"எங்கப்பா எறங்குனாருல்லம்மா. நான் மட்டும் பொம்மைய அனுப்பிட்டு ஒளிஞ்சிக்கணுமா?"

"உங்கப்பாகிட்ட அந்தப் பொம்மை இருந்துச்சாடா? இருந்திருந்தா அந்த மனுசன் எதுக்கு எறங்குறாரு?"

என் தலையில் கை வைத்துச் சொல்லு, அதுதான் முன்னால் போகும் என்று சொல்லு என்றேன். வைத்தான். சிரித்துக்கொண்டுதான் வைத்தான்.

அவன் ரயில் ஏறியதும் நான் அய்யனாருக்கு வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் மாட்டுக்கு நோய் தீர்ந்தால் மண்ணில் கன்றுக்குட்டி செய்து வைப்போம், பிள்ளை பிறந்தால் பிள்ளைப் பொம்மை வைப்போம். அந்த வண்டி என் மகனுக்கு முன்னால் போகட்டும், அதே மாதிரி ஒன்று செய்து உன் காலடியில் வைக்கிறேன் என்றேன். குன்னத்துப் பக்கம் பொம்மை செய்கிற வேளாரிடம் போய் அவன் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இதற்குத் தலை எந்தப் பக்கம் அம்மா என்றார். எனக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் தலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செய்தி என் ஓரகத்தி காதுக்குப் போயிற்று. என் கொழுந்தன் பெண்டாட்டி, வாய் சும்மா இருக்காது. குழாயடியில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் சாமிக்குக் குதிரை குடுப்பாங்க. எங்கக்கா டிராக்டர் குடுக்குது."

"உன் மவன் மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிறான். உனக்கு இதெல்லாம் எங்கடி தெரியப் போவுது" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொம்மை காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. கடைக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார், குடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. மருமகள் பேறுகாலத்துக்கு அரியலூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கே வீட்டிலேயே போன் உண்டு. பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

என்னைப் பார்த்ததும் சம்பந்தி டி.வி.யை அணைத்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. போடுங்க என்றேன். போட்டார். வடக்கே ஏதோ பாலத்தில் வெடி என்றார்கள். ஆள் பேர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். நான் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அடித்தது. மருமகள் எடுத்தாள், கேட்டாள், என் கையில் கொடுத்தாள்.

"அம்மா, அது போச்சும்மா."

"எதுடா?"

"மிஷினு. பொட்டி என் கையிலதாம்மா இருந்துச்சு."

அழுதுகொண்டிருந்தான். வண்டி பாலத்துக்கு அடியில் கல்லில் மாட்டிக்கொண்டதாம். வழக்கம்போல இவன் எழுந்து வெடியைத் தாங்குகிற கனத்த உடுப்பை மாட்டிவிட்டான். பிறகு என் தலையில் வைத்த கை ஞாபகம் வந்ததாம். உடுப்போடு திரும்ப உட்கார்ந்து வண்டியைப் பின்னால் இழுத்து வேறு வழியாக விட்டிருக்கிறான். நேரமாகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்களாம். அது போய்க் கையை நீட்டியதும் பெட்டியில் எல்லாம் வெள்ளையாகிவிட்டதாம். அதற்குப் பிறகு லைன் எதுவும் வேலை செய்யவில்லை, அதனால்தான் பேச முடியவில்லை என்றான்.

அன்றைக்கு எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். மருமகள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அது போய்விட்டது. நாளைக்கு இன்னொரு பாலத்துக்கு அடியில் யார் போவது?

அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"வேற மிஷினு எப்படா வரும்?"

"எழுதிப் போட்டிருக்காங்கம்மா. வரும்."

"அது வர்ற வரைக்கும்?"

லைனில் கரகரவென்று சத்தம்.

"நான் இருக்கேன்லம்மா."

பொம்மையைக் கோயிலில் வைத்துவிட்டேன். அந்த வண்டிதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று பூசாரி தயங்கினார். முன்னால் போகச் சொல்லி வேண்டினேன், போயிற்று, கடன் கடன்தான் என்றேன். அய்யனாரிடம் மட்டும், இன்னொன்றை அனுப்பு என்று சத்தமாகவே சொன்னேன்.

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. அவன் இன்னும் பார்க்கவில்லை. வண்டியும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மிஷினைப் பற்றிக் கேட்டால் ஊரில் மழை உண்டா என்கிறான், சோளம் என்ன விலை என்கிறான். அவனுக்கு உள்ளுக்குள் அவன் அப்பா வழக்கம்தான் ஓடுகிறது. அந்த வழக்கம் வேறு வழி இல்லாதவர்கள் வைத்துக்கொண்டது. வேறு வழி இருக்கிறவன் மேலே இருப்பவர்களிடம் அடித்துக் கேட்க வேண்டும், கொடு என்று கேட்க வேண்டும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நானே சொல்கிறேன், யாரிடமும் எதுவும் கேட்காதவள்.

மூன்றாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சனிக்கிழமை. மூத்தவன் மகள், பத்தாவது படிக்கிறவள், பக்கத்தில் வந்து நின்று என்ன எழுதுகிறாய் அப்பத்தா என்று கேட்கிறாள்.

"நாளைக்கு போன்ல உன் சித்தப்பாவுக்கு இத நீ வாசிக்கணும். நான் பேசுனா பேச்ச மாத்துறான், நீ வாசிச்சா கேப்பான். மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி."