பொழுது போக ஒரு கட்டடம்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மில் வைத்திருந்த முதலாளி சொத்தில் பாதியைத் தர்மத்துக்கு எழுதிவைத்ததில், சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் மனமகிழ் மன்றம் எழும்பியது. கிளியனூரில் அதற்கு மண்ணும் கல்லும் சுமந்தவள் சித்தாள் காந்திமதி. வயசுக்கு வந்த வருஷம் தலையில் ஏறிய சும்மாடு, நாற்பதாகியும் இறங்கவில்லை.

“இது எதுக்குங்க மேஸ்திரி?”

“ரேடியோ கேட்டுக்கினு, கேரம் ஆடிக்கினு ஜனங்களுக்குப் பொழுது போகணுமில்ல?”

“பொழுது போறதுக்கு ஒரு கட்டடமா! எனக்குப் பொழுதே பத்தலை” என்று எரிச்சலோடு அடுத்த சாந்துச் சட்டியைத் தூக்கினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தரையைக் கழுவிவிட்டு, சுவரோரம் ஒரு நிமிஷம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ரேடியோவைப் போட்டுப் பார்த்தார்கள், அதற்கும் அசையவில்லை. மேஸ்திரி கூப்பிட்ட பிறகுதான் கண் விழித்தாள். வெளியே இருட்டியிருந்தது.

“ஐயையோ, பொழுது போயிடுச்சே!” என்று வீட்டு அடுப்பை நினைத்து ஓடினாள்.