பதில் சொல்லாத வெற்றி

மாத்தளையில் எங்கள் விவாத அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரில் ஒவ்வொருவரும் தம் ஆண்டு மதிப்பீட்டை எழுதி வாசிப்போம். அதன் பிறகே அடுத்த தலைவரைத் தேர்வோம். அப்பதவி எனக்கே என்று நம்பியிருந்த நான், வென்ற மேடைகளை வரிசையாக முழங்கினேன்.

அடுத்து எழுந்த எங்கள் இரண்டாம் பேச்சாளர் ரிஸ்னா, தன்னால் விடையளிக்க முடியாத வாதங்களை மட்டுமே எழுதி வந்திருந்தாள்.

"உக்குவளைப் போட்டியில, 'புள்ளைங்க கொழும்புக்குப் போயிட்டா தேயிலைத் தோட்டத்துல வயசானவங்கள யாரு பாக்குறது'ன்னு எதிரணியில ஒரு புள்ள கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல. நாம ஜெயிச்சோம். ஆனா அது சரியாத்தான் கேட்டுச்சு."

அந்தப் பெண்ணை நான் ஒரு கேலியால் மடக்கிய போட்டி அது. சபை சிரித்தது, அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். என் பட்டியலில் அதுவே முதல் வெற்றி.

தலைவர் பதவிக்கு ரிஸ்னாவின் பெயரை நானே முன்மொழிந்தேன்.

"அப்ப தலைவர் கடைசியா பேசுற தொகுப்புரைக்கு ஒங்க தொண்டைய வாடகைக்கா எடுக்கிறது?" என்று சிரித்தாள். "நீங்களே பேசுங்க. கேட்டதுக்கு பதில் சொல்லிட்டுப் பேசுங்க."

வீடு திரும்பியதும் பட்டியலின் முதல் வரியை அடித்து நீக்கினேன். ஆண்டு முழுவதும் என்னருகே அமர்ந்திருந்தவளிடம் இத்தனை நேர்மை இருந்ததை அன்றுதான் கண்டேன்.