நீல நிறப் பசை

போன ஆடி மாதம் கும்மிடிப்பூண்டியில் நடந்தது இது. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆசைக்கு ஒரு பழைய பியட் கார் வைத்திருக்கிறேன். அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தர, பைபாஸ் ஓரத்தில் ஒரு மெக்கானிக் உண்டு.

அந்த முறை அவர் வேலை முடித்துக் கொடுத்த சில நாளில், கார்புரேட்டர் மூடியோரம் லேசாகப் பெட்ரோல் கசிந்தது. தினமும் மெஷினோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். கம்பெனியில் மூடிகளை ஒட்டுகிற நீல நிறப் பசை ஒரு ட்யூபை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து, தாராளமாகப் பூசி மூடினேன். பெட்ரோலில் அந்தப் பசை ஊறி உரியும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே பெரியபாளையம் கோயிலுக்குப் போகிற வழியில், குடும்பத்தோடு நடுரோட்டில் நின்றோம்.

அப்போதும் என் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துப் போய், கடையில் இருந்தவர்கள் முன்னால் மெக்கானிக்கைக் கண்டபடி பேசினேன். எங்கள் கம்பெனியில் பொருள்களுக்குக் கணக்கு வைக்கிற ஸ்டோர்ஸ் அதிகாரியும் தன் பழைய அம்பாசடரை முதல் முறையாக அங்கே கொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் என் குரல் இன்னும் ஏறியது.

"நீங்க எதனா தொறந்தீங்களா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தொடவே இல்லை" என்றேன்.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். பெட்ரோல் போகிற ஜெட் துளையை நீலமாக ஒரு துணுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டார்.

"தூசு அடச்சிக்கினு கீது சார். நான்தான் சரியா பாக்கல."

அதிகாரி முகம் சுளித்தபடி தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் மெக்கானிக் கையை விரித்தார். "நானும் உங்க கம்பெனில காண்ட்ராக்டுல இருந்தவன் சார். இத்த அவரு எதிர்ல காட்டினா உங்க வேல போயிடும். இனிமே இத்த பூசாதீங்க, மூடிக்கு அடியில வெக்கிற பேப்பர் கேஸ்கட் நான் தரேன்."

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அதிகாரியை இன்றும் தினமும் பார்க்கிறேன். உண்மையைச் சொல்ல இதுவரை துணிவு வரவில்லை. தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியவருக்காக எழுத உட்கார்ந்தும், என் பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன்.