செம்மண் பூசிய பலாக்கொட்டை

பலாப்பழம் ஒற்றை ஆள் தின்கிற பழம் இல்லை. அறுக்க ஒருவர், பாலைத் துடைக்க ஒருவர், சுளை எடுக்க இருவர், எடுக்க எடுக்க வாயில் போட்டுக்கொண்டு குறை சொல்ல நாலு பேர் என்று ஒரு கூட்டம் வேண்டும். கறம்பக்குடிக்குத் தெற்கே எங்கள் கொல்லையில் அப்படி ஒரு மரம் நின்றது. அடிமரத்திலிருந்து கிளை வரை காய்த்துத் தொங்கும். அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

என் கணவருக்கு ரங்கூனில் ஒரு துணிக்கடையில் வேலை. கல்யாணமான அடுத்த மாதமே கப்பலேறிவிட்டார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். முதலாளி தையிலும் மாசியிலும்தான் லீவு கொடுப்பார். மாமனார், மாமியார் நான் வாழ வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை இல்லை. இதைச் சொல்ல நாலு வரி போதும். இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

அவருக்கு உயிர் என்றால் கருவாட்டுக் குழம்பு. அதிலும் பலாக்கொட்டையும் மாங்காயும் போட்டுக் கொதித்த குழம்பு. பலாவும் மாங்காயும் சித்திரையில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். அவர் வருவதோ தையில். தையில் போய் மரத்தைப் பார்த்தால் இலை இருக்கும், எறும்பு இருக்கும். மனுஷனுக்கு ஆசை ஒரு மாதத்தில், லீவு வேறொரு மாதத்தில். இடையில் நான் மாட்டிக்கொண்டேன்.

அதனால் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்டேன். கொட்டைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, செம்மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒவ்வொன்றின் மேலும் பூசி, காய்ந்ததும் பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவேன். தைக்கு எடுத்து உடைத்தால் உள்ளே கொட்டை வெள்ளையாக அப்படியே இருக்கும். மாங்காயைக் கீற்றாக அரிந்து, உப்பில் ஒரு நாள் ஊறவைத்து, வெயிலில் போட்டு வற்றலாக்குவேன். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சந்தைக்கு வரும் கருவாட்டுக்காரியிடம் நல்ல கருவாடாகப் பார்த்து வாங்கி, வைக்கோலில் சுற்றித் தொங்கவிடுவேன். ஒரு நாள் சமையலுக்கு ஒரு வருஷ வேலை. செய்யும்போது அலுப்புத் தட்டாது. கை வேலையாக இருந்தால் வாய் பேச ஆள் இல்லாதது அவ்வளவாகத் தெரியாது.

பேச ஆள் அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். எதிர் வீட்டில் அவருடைய அண்ணன், என் மூத்தார், குடும்பத்தோடு இருந்தார். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஓரகத்திகள் என்றால் ஊருக்கு ஒரு வேடிக்கை, எப்போது மயிரைப் பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருப்பார்கள். நாங்கள் அந்த வேடிக்கையைக் காட்டவில்லை. பழம் அறுக்கும் நாளில் அக்கா கையில் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஏ புள்ள, கொட்டையை எல்லாம் மண்ணுல பொதிச்சு வச்சுக்கிட்டு எங்களுக்குச் சக்கையைக் குடுக்குறியா?"

"சொளையெல்லாம் எங்கிட்டுப் போச்சு அக்கா? ஒங்க வகுத்துக்குள்ளதான போயிருக்கு."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். அக்கா ஒரு வெண்கலக் கும்பாவில் கீரைக் குழம்பு கொடுத்துவிடுவார். அதில் நான் சுண்டைக்காய் வற்றல் போட்டுத் திருப்புவேன். அது மறுபடி மொச்சைப் பயற்றோடு வரும். அந்தக் கும்பா யார் வீட்டுச் சீதனம் என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

பிறகு உலகச் சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது என்றார்கள். கடுதாசி நின்றது. பர்மா அரிசியும் நின்றது. ஊரில் கேழ்வரகுக்கே அடிபிடி. காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் என்று சிலர் எலும்பும் தோலுமாக ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் என் கணவரைத் தெரியவில்லை. தை வந்து போயிற்று. பங்குனியில் பானையை அவிழ்த்துப் பார்த்தேன். சில கொட்டைகள் மண்ணைப் பிளந்துகொண்டு முளை விட்டிருந்தன. கொல்லையில் ஊன்றிவிட்டு, ஆனியில் மறுபடி புதுக் கொட்டைக்கு மண் பூசினேன். பசித்த நாளில்கூட அதில் கை வைக்கவில்லை. அதை எடுத்துத் தின்றால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம்.

அடுத்த தையும் போயிற்று. சுமங்கலிகளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கும் இடங்களில் தட்டு என் முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கும். பிறகு வரும். அந்த ஒரு நொடியைப் பொறுக்க முடியாமல் நான் விசேஷங்களுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் உச்சி வேளையில் அக்கா வந்தார். கையில் அதே கும்பா. முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். சோறும் மேலே குழம்பும். என்ன விசேஷம் என்று கேட்க வாயெடுத்தவள் குழம்பைப் பார்த்தேன். கடுகு இல்லை. கறிவேப்பிலை இல்லை. எண்ணெய் மினுக்கம் இல்லை. தாளிக்காத குழம்பு.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பங்காளி வீட்டிலிருந்துதான் சோறு வரும். அந்தச் சோற்றுக்குத் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கும் சத்தம் அன்றைக்குக் கேட்கக் கூடாது. அந்தப் பாத்திரத்தை மட்டும் கழுவி வெறுமனே திருப்ப வேண்டும். யாரும் வாய் திறந்து சொல்லாமலே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"யாரு செத்தா அக்கா?"

அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "கறம்பக்குடிச் சந்தையில ஒருத்தரு சொன்னாராம் புள்ள. ரங்கூன்லருந்து வந்தவரு. அந்தக் கடை இருந்த தெருவே இல்லையாம். ஒங்க மூத்தாரு அழுதுக்கிட்டே வந்தாக."

"தெரு இல்லேன்னா ஆளும் இல்லையா?"

"இப்புடிப் பேசுனா எப்புடி? நாளைக்கு ஊரு கேக்கும்ல..."

அவர் பார்க்கப் பார்க்க அடுப்பை மூட்டினேன். கரண்டியில் எண்ணெயை ஊற்றிக் காயவைத்துக் கடுகைப் போட்டேன். அது படபடவென்று வெடித்தது. கறிவேப்பிலையையும் கிள்ளிப் போட்டு, அந்தக் குழம்பில் சுரீர் என்று கொட்டினேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் உட்கார்ந்து அவ்வளவு சோற்றையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கும்பாவைக் கழுவி, விளிம்பு வரை மாங்காய் வற்றலை நிரப்பிக் கொண்டுபோய் எதிர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

கும்பா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே எதுவும் போகவில்லை, வரவில்லை. அக்காவின் மேல் எனக்குக் கோபமா என்றால், இல்லை. அவர் என்னைப் பட்டினி போடாமல் இருக்கத்தான் வந்தார். ஆனால் அவர் கண்ணில் என் கணவர் செத்திருந்தார், என் கண்ணில் சாகவில்லை. இரண்டு பேரும் ஒரு பழத்தை எப்படி அறுப்பது?

தினமும் விடிந்ததும் அடுப்பு மூட்டினேன். சமைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் மூட்டி, வெந்நீராவது வைத்தேன். கூரை மேல் புகை போவதை எதிர் வீடு பார்க்க வேண்டும். ஆனியில் பழத்தை நானே அறுத்தேன். நாலு சுளை தின்பேன், அதற்கு மேல் தொண்டையில் இறங்காது. மிச்சத்தை மாட்டுக்குப் போட்டேன். மாடும் எத்தனைதான் தின்னும்? ஈ மொய்த்துக் கிடந்த அந்தப் பழங்களைப் பார்த்துத்தான் நான் அழுதிருக்கிறேன். வேறு எதற்கும் அழவில்லை.

சண்டை முடிந்து மறு வருஷம், ஆனி மாதம், கொல்லையில் பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். படலுக்கு வெளியே ஒரு ஆள் நின்றான். தலை நரைத்து, கால் வீங்கி, இடுப்பில் சாக்குத் துணி.

"கஞ்சி இருக்குமா?"

"உள்ள வந்து நெழல்ல உக்காருங்க, தாரேன்," என்றேன், அறுப்பதை நிறுத்தாமல். அந்த வருஷங்களில் அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். என் கணவர்.

எங்கேயோ காட்டில் ரோடு போடப் பட்டாளத்தார் இழுத்துப் போனார்களாம். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை.

பலாப்பால் ஒட்டிய கையோடு எதிர் வீட்டுக்கு ஓடினேன். "அக்கா! அக்கா, வாங்க! வந்துட்டாக!" அக்கா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து, தெருவைத் தாண்டி அவரைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னைய நான் என்ன பாடு படுத்திட்டேன் புள்ள..."

"அதெல்லாம் பெறகு அழுவோம். அறுத்த பழம் அங்கிட்டுக் கெடக்கு. எந்திரிச்சு வாங்க."

மறுநாள் இரண்டு வீடும் சேர்ந்து சமைத்தோம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வருஷக் கணக்கில் தைக்காகச் சேர்த்து வைத்தவள் நான். அவரோ பழமும் மாங்காயும் பச்சையாகக் கையெட்டும் மாதத்தில் வந்து நிற்கிறார். குழம்பு கொதித்த வாசனைக்கு அக்கா வீட்டுப் பிள்ளைகள் இலை போடும் முன்பே வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் அவருக்கு இலை போட்டேன். இந்த ஒரு வரிசையைப் பார்க்கத்தான் நான் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது.

பரிமாறி முடித்ததும் அவர் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இடது கையை இலையைச் சுற்றி அணைத்துக்கொண்டார். மெல்லாமல் விழுங்கினார். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"டேய், இங்கிட்டுத் திரும்பி ஒக்காருடா. நம்ம வீடுதாண்டா," என்றார் அண்ணன். அவர் திரும்பவில்லை.

புருஷன் எழுந்த இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் ஒரு துண்டு கருவாட்டையும் இரண்டு கொட்டையையும் எனக்காக ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாய் திறந்து அன்பாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அந்த ஓரம்தான் அவருடைய பேச்சு. அன்றைக்கு அந்த இலையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். நக்கித் துடைத்த இலையில் நரம்பு மட்டும் தெரிந்தது. கை கழுவக் குனிந்தபோது அவர் மடியிலிருந்து வெந்த பலாக்கொட்டை ஒன்று விழுந்து உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நான் அதை எடுத்து அவரிடமே கொடுத்தேன். பறித்து மடியில் சொருகிக்கொண்டார்.

நாள் போகப் போகச் சரியாகும் என்றார் அக்கா. உடம்பு தேறியது. சுவர் மட்டும் மாறவில்லை. அவர் இல்லாதபோது நான் தனியாகச் சாப்பிட்டேன். வந்த பிறகும் தனியாகத்தான் சாப்பிட்டேன். முன்னே இருந்த தனிமைக்கு ஒரு முடிவு வரும் என்றாவது இருந்தது.

ஆடியில் ஒரு நாள் நானும் ஓர் இலையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். புருஷனுக்குச் சமமாகப் பெண்டாட்டி உட்கார்ந்து தின்பதை யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். துப்பட்டும் என்று இருந்தது. அவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். என் கருவாட்டை எடுத்து அதில் வைத்தேன். அவர் கை நின்றது.

"நாளைக்கு?" என்றார்.

"நாளைக்கும் இருக்குங்க. பானை பானையா இருக்கு. வாங்க, காட்டுறேன்."

எச்சில் கையோடு எழுந்து வந்தார். ஒவ்வொரு பானையாக அவிழ்த்துக் காட்டினேன். கடைசிப் பானையில் கையை விட்டு, செம்மண் பூசிய கொட்டை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். அந்த ஆனியில் பூசியது. மண் இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

"இதெல்லாம் யாருக்கு?"

"தையில நீங்க வருவீங்கல்ல..." என்று சொல்லிவிட்டேன்.

வந்து நிற்கிறவரிடமே அதைச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொட்டையைப் பானையில் திருப்பிப் போட்டார்.

"வரட்டும்," என்று சொல்லிவிட்டு, துணியை இழுத்துப் பானையின் வாயைக் கட்டினார்.