பொனட்டுக்கும் கற்பூரத்துக்கும் நடுவில்

பச்சைப் பூப்போட்ட ஒரு ஜன்னல் சீலைக்கு நான் ஒரு பகல் முழுவதும் கீழ்ப்படிந்து நடந்திருக்கிறேன். சீலை "கழட்டுங்க" என்றது, கழற்றினேன். "பொத்திக் கட்டுங்க" என்றது, கட்டினேன். யார் சொல்லையும் இலேசில் கேட்காதவன் என்று இரத்தோட்டைக் கடைத்தெருவில் எனக்கொரு பெயர் உண்டு. அது அன்றைக்கு என் வீட்டு வாசலிலேயே போயிற்று. சீலைக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து வீட்டு ராத்தா. எங்கள் பகுதி முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். என் மனைவி அப்படி அழைத்ததால், என்னைவிட வயதில் சின்னவரானாலும் எனக்கும் அவர் ராத்தாதான்.

ராத்தாவின் கணவர் மிளகும் ஏலமும் ஏற்றி மாத்தளைக்கு லொறி ஓட்டியவர். அந்த வருடம் லொறியில் பற்றிய தீயில் அவர் இறந்துபோனார். எப்படிப் பற்றியது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ராத்தா இத்தாவில் அமர்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது அவர்கள் வழக்கம். அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள். இரண்டு மாதமாக என் மனைவி மட்டும் உள்ளே போய்ப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். நான் ராத்தாவின் நிழலைக்கூடக் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்போது வேறொரு பயம். முந்திய வருடம் மனைவிக்கு வலி கண்டபோது பஸ் வரவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் தலைப்பிள்ளை போய்விட்டது. அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த உடனேயே ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தினேன். அது வாகனமே இல்லை, எங்கள் பிள்ளையின் உயிர் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு நிறைமாதமாக இருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் மண்வெட்டியையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் காரைக் கழுவி மாலை போடுவார்கள். நான் அதோடு நின்றேனா? பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது எஞ்சின், கும்பிடு மட்டும் வெளித்தகரத்துக்கா என்று தோன்றிவிட்டது. காலையில் கோயிலுக்கு ஓட்டிப்போய் வந்த சூடு ஆறவில்லை. பொனட்டைத் திறந்து, ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றி, தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்த்தேன். கறுப்பு போய்த் தகரம் மின்னியது. சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தட்டில் கற்பூரத்தை அடுக்கி, கர்ப்பக்கிரகத்தில் காட்டுவதுபோல் பொனட்டுக்குள்ளேயே காட்டுவதற்காக நெருப்புப்பெட்டியை எடுத்தேன்.

"அண்ணன், அல்லாஹ்வுக்காக அந்தத் தட்டக் கீழ வைங்க!"

தம் ஜன்னலால் பார்த்துவிட்டு ராத்தா வெறுங்காலோடு ஓடிவந்து எனக்கும் காருக்கும் நடுவில் நின்றார். தலைச்சீலை தோளில் கிடந்தது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க பூசையில ஒங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"கும்புடுங்க, நான் வேணாங்கல்ல. கொஞ்சம் கீழ பாருங்க" என்றார்.

பார்த்தேன். எஞ்சினுக்கடியில் மண்ணெண்ணெய் சொட்டிச் சொட்டிக் குளமாக நின்றது. நான் உடுத்திருந்த சாரத்தின் ஓரமும் நனைந்திருந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மனைவிக்கும் காருக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான். என் கையிலிருந்த நெருப்புப்பெட்டி தானாக நழுவியது.

அப்போதுதான் ராத்தாவுக்குத் தாம் வெளியே நிற்பது உறைத்திருக்க வேண்டும். தலையை மூடிக்கொண்டு விறுவிறுவென்று தம் வீட்டுக்குள் போய்விட்டார். சற்று நேரத்தில் ஜன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முதலில் என் சாரத்தை மாற்றச் சொன்னார். எஞ்சின் நன்றாக ஆறும்வரை தொடக்கூடாது. பிறகு பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும். "எஞ்சின்ல கைவைக்க முந்தி அதுதான் மொதல் வேலை அண்ணன். ஸ்பேனர் பட்டு ஒரு பொறி வந்தாப் போதும். எங்க வீட்டுக்காரர் அதக் கழட்டாமத்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எஞ்சின் ஆறியதும் முதலில் வயரைத்தான் கழற்றினேன்.

வாளித் தண்ணீரை அப்படியே வீசப்போனேன்; சீலை என்னை வாய்விட்டு அதட்டியது. தண்ணீர் உள்ளே போனால் நாளைக்குக் கார் இருமக்கூட மாட்டாதாம். லொறி கழுவுவதைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். பழைய டியூபைக் கீறி, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மூடியையும் காற்று இழுக்கும் வாயையும் பொத்திக் கட்டச் சொன்னார். எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தேன். அழுக்குத் துணிகளை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் வெட்டவெளியில் விரிக்க வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் நின்ற நிலத்தை மண் போட்டுக் கூட்டி அள்ளினேன். பொனட்டைத் திறந்துபோட்டு வெயிலில் காயவிட்டேன். மணத்துக்குக்கூட மண்ணெண்ணெய் இல்லை என்றான பிறகுதான் ராத்தா வயரை மாட்டச் சொன்னார். கற்பூரத்தை மாலையில், காரிலிருந்து இருபது அடி தள்ளி, பலா மரத்தடியில் ஏற்றினேன்.

மறுநாள் விடியும்போது மனைவிக்கு வலி கண்டது. சாவியைத் திருகினேன். ஒரே திருகில் எஞ்சின் பிடித்தது. மாத்தளையில் எங்கள் மகள் பிறந்தாள்.

இப்போது அந்த மகளின் வீட்டில் காரின் எஞ்சினைக் கழுவுபவர் மருமகன். நான் கதிரை போட்டு உட்கார்ந்து "பெட்டரி வயர்" என்பேன். "கழட்டியாச்சு மாமா" என்று சிரிப்பார். எத்தனை தடவை சிரித்தாலும் நான் கேட்பதை விடப்போவதில்லை.

அந்த வருடம் இத்தா முடிந்ததும் ராத்தா முதன்முதலாக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். இத்தாவிலிருந்து எழுந்து வந்ததற்கு ஊரில் யாரும் ஏதும் சொன்னார்களா என்றும் கேட்டேன்.

"சென்னாங்கதான். செல்லட்டும்" என்றார். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அவர் எஞ்சினக் கழுவக்குள்ள நான் குசினில ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணன். எட்டிப் பாக்கல்ல. இந்தப் புள்ளைக்காவது பாத்தேனே, அல்ஹம்துலில்லாஹ்."

பிள்ளை பசிக்கு அழத் தொடங்கியது. ராத்தாவின் மடியிலிருந்து அவளை வாங்க எனக்கும் மனைவிக்கும் கை எழவில்லை.