லண்டன் கொத்தமல்லி

பக்கத்து வீட்டு ஹார்ட்லி தன் செடிகளுக்குச் செய்தித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் காலை வேலையை முடித்து வந்த நான், கண்டக்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தேன். நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் வரிசையாக நட்டு, ஒவ்வொரு செடியின் தண்டையும் பழைய பேப்பரால் சுற்றிச் சணலால் கட்டி, கழுத்துவரை மண்ணை அணைத்துக்கொண்டே போனார். இலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. செலரி என்றார், தண்டைத் தின்கிற ஒரு கீரை. வெயில் பட்டால் தண்டு பச்சையாகிக் கசந்துவிடுமாம். இருட்டில் வளர்ந்தால் வெளுத்து ருசியாக இருக்குமாம். வருஷத்தில் பாதி நாள் சூரியன் முகமே காட்டாத ஊரில், கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் மூடி மறைக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். வெளுப்புக்கு இந்த நாட்டில் இருக்கிற மரியாதை காய்கறியைக்கூட விடவில்லையே என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நான் அவர் வேலையை மெச்சுகிறேன் என்று எண்ணி அவரும் சிரித்தார். எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

எல்லாச் செடியையும் அவர் பறிப்பதில்லை. இரண்டை மட்டும் விட்டுவைப்பார். அவை பனியில் கருகி, செத்ததுபோல் கிடந்து, அடுத்த கோடையில் ஆள் மார்பளவு எழுந்து குடை குடையாகப் பூக்கும். அந்த விதைகளை உதிர்த்து ஒரு புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். ஒரு ஸ்பூன் விதை, கொதிக்கிற தண்ணீர், அவ்வளவுதான். முட்டி வலிக்கு அவருடைய அப்பா காலத்து வைத்தியமாம். டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். ஓமமும் கொத்தமல்லியும் கலந்ததுபோல் ஒரு வாசனை. அந்த நொடியில் நான் இங்கிலாந்தில் இல்லை. கோவளம் பஸ் நிறுத்தத்தில், மச்சானுடைய டீக்கடைக்குப் பின்னால், மைமூன் அக்காவின் அடுப்படியில் இருந்தேன்.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் மைமூன் அக்கா. விடிவதற்கு முன்பே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். கடலுக்குப் போய் வருகிறவர்கள், முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பிறகு மாமல்லபுரம் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் என்று மத்தியானம் வரைக்கும் ஆப்பச் சட்டியின் முன்னாலிருந்து எழுந்திருக்கமாட்டாள். நான் செங்கல்பட்டில் தங்கிப் படித்தது அந்தச் சட்டியால்தான். கடைசியில் நான் அந்த ஜங்ஷனிலிருந்து ரயிலேறி, அப்படியே கடல் தாண்டிப் போனேன். அவளோ முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து அதே ஜங்ஷனில் இறங்கி, பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தாள். எலும்பு தேய்ந்துவிட்டது, உட்கார்ந்து எழுகிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. தொழுகைக்கு ஸ்டூல் போட வேண்டியதாகிவிட்டதே என்றுதான் குமைந்தாள். அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதுவாள், ஒரு வார்த்தை மாற்றாமல். “காதரு, நெத்தி தரையில பட்டு எத்தினி மாசமாச்சு தெரியுமா? ஸ்டூல்ல குந்திகினு தொயறது, ஆபீசருக்கு மனு குடுக்கறாப்ல கீதுடா.”

இதை ஹார்ட்லியிடம் என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, “உங்கள் ஊரில் அவ்வளவு குளிரா?” என்று கேட்டார். குளிரே கிடையாது என்றேன். “குளிர் இல்லாத இடத்தில் முட்டி எதற்கு வலிக்கும்?” என்று நம்பாமல் பார்த்தார். ஆப்பச் சட்டியை எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன். அவர் அந்த வருஷத்து விதை முழுவதையும் ஒரு காகிதப் பையில் கொட்டிக் கையில் கொடுத்தார். நான் ஊருக்குப் போவதாகத்தான் அப்போது இருந்தது. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் சரிவரவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஊருக்குக் கிளம்பிய ஒருவரிடம் பையை மட்டும் கொடுத்து, கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன். அவரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா ஒரு ஸ்பூன்கூடக் குடிக்கவில்லை. அத்தனையையும் விதைத்துவிட்டாள்.

கிணற்றடியில், முருங்கை நிழலில், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் ஓடி விழுகிற இடத்தில் பாத்தி கட்டியிருக்கிறாள். கடிதத்தில் காரணமும் வந்தது. “குடிச்சா ஒரு மாசத்துல தீந்துடும். அப்பறம் உன்னாண்ட கேக்கணும், நீ யாராண்டயோ கேக்கணும், இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு? மொளைக்கட்டும். பூத்து வெத வந்தா ஆயுசுக்கும் வூட்லயே இருக்கும்ல.” தம்பி அனுப்பியதைத் தின்று தீர்க்க மனம் வராத அக்காக்கள் எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. துபாய் சோப்பு பீரோவில் வாசம் போய்க் கிடக்கும். சிங்கப்பூர்த் துணி மடிப்பிலேயே நைந்துபோகும். மருந்தையும் அப்படிச் சேமிக்க முடியும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

செடி வந்தது. தண்டு விரல் பருமன்கூட இல்லை, இலை கரும்பச்சை. அக்கம்பக்கத்தில் அதற்கு லண்டன் கொத்தமல்லி என்று பெயர் வைத்தார்கள். நான் இருக்கிற ஊருக்கும் லண்டனுக்கும் அரை நாள் பயணம் என்று எத்தனை தடவை எழுதியும் பயனில்லை. ஆட்டுக்கால் சூப்பில் போட்டால் தூக்கலாக இருக்கிறதென்று எல்லோரும் ஒரு கை கிள்ளிக்கொண்டு போனார்கள். கடைக்கு டீ குடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பாத்தியைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், இலையைக் கசக்கி மோந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். பசியென்று நினைத்து அக்கா, மகள் சுட்ட ஆப்பத்தைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து, பொங்கல் சமயத்தில் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். சுவரைப் பிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, என் பெட்டியைக்கூடப் பாராமல் நேரே பாத்திக்குக் கூட்டிப்போனாள்.

“பாரு, எவ்ளோ தழை! பூ மட்டும் வரமாட்டேங்குது. நீ அந்தத் தொரைய இன்னா ஏதுன்னு கேட்டியா?”

கேட்டிருந்தேன். சொல்லாமல் எப்படி இருப்பது? “அக்கா, அது இங்க பூக்காது. ஒரு குளிர் காலம் முய்க்க நடுங்கிக் கெடந்தாத்தான் பூக்குமாம்.”

“மார்கழில இங்கியும்தான் பனி பெய்யுது.”

“அது பத்தாதுக்கா.”

ஒரு இலையைக் கிள்ளினாள். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். நரைக்கத் தொடங்கிய காதோரத்தை, தனி ஆளாக வந்து தனி ஆளாகவே திரும்பப்போகிறவனை.

“பனில கெடந்தா பூக்கும்ன்ற. நீயும்தான் இத்தினி வருசமா கெடக்குற. உனக்கு இன்னாடா பூத்துச்சு?”

கேலியாகத்தான் கேட்டாள். சிரித்தும் வைத்தாள். நான் வாசலில் கிடந்த பெட்டியை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

இங்கே திரும்பி வந்து, அந்தக் கோடையில் ஹார்ட்லியின் விதை மறுபடி கைக்குக் கிடைத்ததும், இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து எல்லாவற்றையும் வறுத்தேன். இனி எந்த மண்ணிலும் முளைக்காத அளவுக்கு வறுத்து, அதோடு விடாமல் பொடித்தேன். அவளைக் குடிக்கவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற ஹார்ட்லி, வாசனை நன்றாக இருக்கிறது, என்ன சமையல் என்று கேட்டார். நல்ல விதையைச் சாகடிக்கிறேன் என்று சொல்லவில்லை, மருந்து என்றேன். சட்டியிலிருந்து எழுந்த புகை என் சட்டையெல்லாம் ஏறி, மறுநாள் பஸ்ஸில் ஒரு கிழவி முகம் சுளித்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

பதில் வந்தது. “பொடி வந்துச்சு. குடிச்சிகினு கீறேன், கொஞ்சம் தேவல.” நெற்றி தரையில் பட்டதா என்று திரும்பவும் எழுதிக் கேட்டேன். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. பூக்காத செடிக்கு எதற்குத் தண்ணீர், பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தரி வை என்றும் எழுதியிருந்தேன். அதற்குப் பதில் இருந்தது.

“நான் புடுங்கமாட்டேன். வோணும்னா நீ வந்து புடுங்கு.”

இந்த வருஷம் ஹார்ட்லிக்குக் குனிய முடியவில்லை. அவருக்காக நான்தான் பள்ளத்தில் இறங்கி, தண்டுகளுக்குப் பேப்பர் சுற்றி, கழுத்துவரை மண் அணைத்துக் கொடுக்கிறேன். கை ஈரமண்ணில் விறைத்துப்போகிறது. இந்நேரம் கோவளத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு செம்பு தண்ணீரை அந்தப் பாத்தியில் ஊற்றிக்கொண்டிருப்பாள்.