நரி முகத்தில் விழித்தவர்கள்

எங்கள் ஜீவகாருண்ய நிலையத்தின் செயற்குழு இரண்டரை மணி நேரம் விவாதித்து, நரிக்குட்டியின் கூண்டைத் தெருவைப் பார்த்து வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். தலைவர் கையெழுத்திட்டார். பிறகு எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். இன்றைக்கும் எங்காவது ஃபினாயில் வாசனை வந்தால் எனக்கு அந்த இடம்தான்... ஃபினாயில், வேப்பெண்ணெய், இரண்டுக்கும் அடங்காத வௌவால் நெடி.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம், ஒரு தென்னந்தோப்பின் மூலையில் நாலு கூண்டும் ஒரு கீற்றுக்கொட்டகையும். மின்கம்பியில் கை சுட்டுக்கொண்ட குரங்கு, இறக்கை ஒடிந்த பருந்து, தாயில்லாத ஆந்தைக் குஞ்சுகள். செயற்குழு என்பது மூன்று பேர். தோப்புக்குச் சொந்தக்காரரான வக்கீல் தலைவர். வைத்தியம் பார்ப்பவர் சுப்பையா. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் நான். இருபத்துநாலு வயது, பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். கையெழுத்து நன்றாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள்.

நரிக்குட்டி தொட்டியம் பக்கத்து வாழைத்தோட்டத்திலிருந்து வந்தது. பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் தாய் செத்துக் கிடந்தது. குட்டிக்கு முன்னங்கால் ஒடிந்திருந்தது. சுப்பையா மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்றைக்குக் காரியம் ஜெயம் என்பதை எங்கள் ஊரில் நம்பாதவர்களும் உண்டு. அவர்களும் வந்தார்கள்.

விடிந்ததும் விடியாததுமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனைவியின் கையையோ தம்பியின் தோளையோ பிடித்தபடி வருவார்கள். கூண்டுக்கு முன் நிறுத்தி, "ம்... இப்ப தொறங்க" என்பார்கள். திறப்பார்கள். நரி பார்க்கும். ஒருவர் அவசரப்பட்டு நாலடி முன்னாலேயே கண்ணைத் திறந்து குரங்கு முகத்தில் விழித்துவிட்டார். வீட்டுக்குப் போய், படுத்துத் தூங்கி, மறுபடி எழுந்து வந்தார்.

எனக்கு அப்போதே எதையும் அப்படியே நம்புகிற பழக்கம் கிடையாது. வருகிறவர்களுக்கு ஒரு பதிவேடு வைத்தேன். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் எல்லோரும் 'ஜீவகாருண்யம்' என்றே எழுதினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடந்த வாரத்தில் ஊரில் ஜீவகாருண்யம் மிகுந்திருந்தது. கோர்ட் விடுமுறையில் குறைந்தது.

வந்தவர்களில் பாதிப் பேர் தலைவரிடம் வழக்கு கொடுத்திருந்த கட்சிக்காரர்கள். சும்மா வரவில்லை, முட்டையோ ஒரு துண்டு கறியோ கொண்டுவந்தார்கள். நாளடைவில் காலடிச் சத்தம் கேட்டாலே குட்டி ஓடிவந்து கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொள்ளும்.

ஒரு மாதத்தில் கால் கூடிவிட்டது. சுப்பையா தலைவரிடம் போனார். நானும் இருந்தேன்.

"ஐயா, கால் சரியாயிடுச்சுங்க. கொண்டுபோய் விட்டுடலாம்."

"நேத்துகூட நொண்டித்தே, ஓய்."

"நொண்டலீங்க. நான் தெனம் பாக்குறேன்."

"நீர் சாயங்காலம் பாக்கறீர். அது கார்த்தால நொண்டறது. எம்பெருமான் சங்கல்பம் எப்பவோ அப்ப தானா போகும்."

"இதுக்கு மேல வச்சிருந்தா மனுசனப் பாத்தா ஓடாதுங்க. ஓடாத நரிய வெளில விட்டா என்ன ஆவும்னு ஐயாவுக்குத் தெரியாதா?"

நரி நொண்டியதை நான் பார்க்கவில்லை. தலைவர் மட்டும் பார்த்தார். அவர் நடத்திய பெரிய நில வழக்கு ஒன்று அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது.

குழு கூடியது. சுப்பையா விட்டுவிடலாம் என்றார், தலைவர் வேண்டாம் என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "அடுத்த மாசம் பாத்துக்கலாமே" என்றேன்.

வெளியே வந்ததும் சுப்பையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், உங்களுக்கும் கோர்ட்ல கேசு எதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

வேலை நிரந்தரமாவதற்கான இன்டர்வியூ எனக்கு இரண்டு வாரத்தில் இருந்தது. இன்டர்வியூ அன்று காலை நானும் கூண்டுக்குப் போனேன். மற்றவர்களைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை... பாதி மூடியிருந்தேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'ஜீவகாருண்யம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். வேலை நிரந்தரமானது. நரியாலா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

தலைவருடைய வழக்கு விசாரணைக்கு வந்தது. அவருடைய கட்சிக்காரர் ஆறு மணிக்கு நரியைப் பார்த்துவிட்டுப் போனார். எதிர்க்கட்சிக்காரர் ஐந்தே முக்காலுக்கே பார்த்துவிட்டுப் போயிருந்தார். வழக்கு வாய்தாவானது. நரி மறுபடி நொண்டத் தொடங்கியது.

இப்படி ஐந்து மாதம். தலைவர் ஒருவழியாக ஜெயித்தார். மறுநாளே நரிக்குப் பூரண குணம் என்று அறிவித்தார். அவருடைய காரிலேயே ஏற்றி, முக்கொம்பைத் தாண்டி, தொட்டியம் போகிற வழியில் ஒரு முள்காட்டில் இறக்கிவிட்டோம். கார் கிளம்பியபோது அது பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தது. "நன்றி சொல்றது பாருங்கோ" என்றார் தலைவர்.

இப்போது இதையெல்லாம் முறையாகப் படித்துவிட்டுச் செய்கிறார்கள். என் பேத்தி அப்படி ஓர் இடத்தில் வேலை பார்க்கிறாள். குட்டிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாதாம், பேசக்கூடாதாம். முகத்தை மூடிக்கொண்டுதான் பால் கொடுக்க வேண்டுமாம். வேடிக்கை பார்க்க யாரையும் விடுவதில்லை. எங்களிடம் மூன்று பேரும் ஒரு பதிவேடும்தான் இருந்தன. ஆனாலும் அந்த விடிகாலைக் கூட்டமும், கண்மூடிய மனிதர்களும், கம்பிக்கு நடுவே அந்தச் சின்ன மூக்கும்... சில நாள் நினைவுக்கு வரும்.

விட்ட நாலாம் நாள் சுப்பையா சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்தார். காட்டை ஒட்டிய ஊரில், விடிகிற நேரத்தில், ஒரு குடியானவர் வீட்டுக்குள் நடமாடும் சத்தம் கேட்டு அது வாசலில் வந்து நின்றிருக்கிறது. அவர் கதவைத் திறந்தபோதும் ஓடவில்லை. பட்டியில் ஆட்டுக்குட்டிகள் இருந்தன. கம்பால் ஓர் அடிதான் அடித்தாராம்.